சந்தை விலையும் அறிவாளிகளின் உழைப்பும்

விவசாயக் கல்லூரியில் நான்கு வருஷம் பயின்று பட்டம் பெற்ற இளைஞர்களுள் பலர், வயற்பக்கம் திரும்பாமல் பாங்கு உத்தியோகத்திற்கும், பூச்சிமருந்துக் கம்பெனிகளுக்கும், கணினித் தொழிலுக்கும், சர்க்காரின் பொது நிர்வாகப் பரீட்சைகளுக்கும் சென்றுவிடுவதை நம் வாசகர்கள் நேரில் கண்டிருப்பார்கள். இதைப்பற்றிக் குடியானவர் வீட்டுத் திண்ணைகளில் இருவிதமான பேச்சு நடப்பதுண்டு. ஒரு சாரார், ‘எங்கே அதிகச் சம்பளம் கொடுக்கிறார்களோ அங்கேதான் அவன் தேவை அதிகம், தேவை இல்லாவிட்டால் எவன் மடியை அவிழ்த்துப் பணம் கொடுப்பான்?’ என்பர். மற்றொரு சாரார், ‘பணம் போன வழியே படிப்பும் போயிற்று, நாட்டுக்கு நஷ்டம்’ என்பர். இரண்டும் பாதி உண்மைகளே என்பது எமது அபிப்பிராயம். சந்தையானது சில வேலைகளுக்குத் தக்க ஆளை வியக்கத்தக்க விரைவில் கொண்டுவந்து சேர்க்கிறது. வேறு சில வேலைகளோ, எவ்வளவு பிரயோஜனமுள்ளவையாயினும், அதன் கண்ணுக்கே புலப்படுவதில்லை. எவை புலப்படும், எவை புலப்படா என்பது பயிர்த்தொழிலில் விளங்குமளவு தெளிவாக வேறு தொழில்களில் விளங்குவது அரிது. ஆதலின் இவ்விஷயத்தைப் பொருளாதார சாஸ்திரிகளிடம் முழுதும் ஒப்படைத்துவிடாமல் இப்பத்திரிகையில் சிறிது ஆராய்வது தகும் என்று கருதுகிறோம்.

முதலில் சந்தையின் பக்கம் நின்று சொல்லத்தக்கதைச் சொல்லுவோம். கோயமுத்தூர் ஜில்லா மழை குறைந்த பூமி. கிணறே அங்கு வெள்ளாமைக்கு ஆதாரம். ஆதியில் கவலை பூட்டி, மாடுகளைச் சரிவில் முன்னும் பின்னும் ஓட்டி, விடியற்காலம் முதல் இறைத்தாலும் பாயும் நிலம் சொற்பமே. 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் அந்த ஜில்லாவுக்கு வந்து சேர்ந்தது. மின்சாரம் வந்த மாத்திரத்தில் மோட்டாரும் பம்பும் வேண்டியிருந்தன. சீமைச் சரக்கு விலை அதிகம். பழுதானால் பார்ப்பாரும் இல்லை. இக்குறையைக் கண்டவர்கள் அவ்வூரிலேயே தோன்றினார்கள். ஆரம்பப் பள்ளிப் படிப்புக்கு மேல் அதிகம் படியாதவரும், பஸ் போக்குவரத்து நடத்திப் பொருள் ஈட்டியவருமான ஜி. டி. நாயுடு அவர்களும், டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களும் 1937-ல் உள்நாட்டிலேயே மின்சார மோட்டார் செய்து காட்டினர். அதன்பின் பீளமேடு, கணபதி முதலிய இடங்களில் வார்ப்படச் சாலைகளும் லேத்துப் பட்டறைகளும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. பருத்தி ஆலையில் பிட்டராக இருந்தவர் சொந்தப் பட்டறை வைத்தார். அவரிடம் வேலை கற்ற பையன் அடுத்த தெருவில் தனிப் பட்டறை வைத்தான். இன்றளவும் பம்புத் தொழிலில் அந்நகரம் இந்தியாவில் முன்னணியில் நிற்கிறது.

இவர்களை இத்தொழிலில் புகும்படி எந்தச் சர்க்காரும் உத்தரவிடவில்லை. கிணற்றுக்காரன் கையிலிருந்த பணமே அவர்களை அழைத்தது. இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. பம்பை வாங்குபவனும் அவனே, அதனால் பயனடைபவனும் அவனே, அது நல்லதா கெட்டதா என்று அன்று மாலையே தீர்ப்புச் சொல்லுபவனும் அவனே. தண்ணீர் வராத பம்பைச் செய்தவன் மறு வருஷம் கடையை மூடவேண்டியதுதான். இம்மூன்றும் ஒருவரிடத்தே கூடியிருக்குமிடத்தில் சந்தையைவிடச் சிறந்த மேஸ்திரி கிடையாது.

இரசாயன உரத்தின் சரித்திரமும் இதையே காட்டும். காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றலாம் என்பதை ஜெர்மனியில் பிரிட்ஸ் ஹாபர் 1909-ல் சோதனை மேசையில் செய்து காட்டினார். அது சொட்டுச் சொட்டாக வடிந்த திரவமே. பி.ஏ.எஸ்.எப். என்னும் சாயக் கம்பெனி அவ்வுரிமையைப் பெற்று, கார்ல் போஷ் என்ற பொறியாளரையும் அல்வின் மிட்டாஷ் என்ற இரசாயனியையும் அவ்வேலையில் அமர்த்தியது. தகுந்த ஊக்கிப் பொருளைக் கண்டுபிடிக்க ஆயிரக்கணக்கான சோதனைகள் நடந்தன. பேரழுத்தத்தைத் தாங்கும் கலங்கள் வெடித்தும் பிளந்தும் போக, மீண்டும் மீண்டும் புதிதாய் அமைத்தனர். 1913-ல் ஒப்பாவ் என்னுமிடத்தில் ஆலை ஓடத் தொடங்கியது. உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் உணவு இன்று இவ்வழியில் கிடைக்கும் நைட்ரஜனைச் சார்ந்திருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். மூட்டையில் கட்டி விற்கத்தக்க சரக்காக அது இருந்தமையாலன்றோ ஒரு கம்பெனி அத்தனை அறிவாளிகளை அத்தனை காலம் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது! இத்தகைய திருஷ்டாந்தங்களை மறைத்துவிட்டுச் சந்தையைப் பழிப்பது நேர்மையன்று.

நிற்க. அதே கோயமுத்தூர்க் கிணற்றை மறுபடியும் எட்டிப் பார்ப்போம். மோட்டார் வந்தபின் நீர்மட்டம் இறங்கிற்று. கிணற்றை வெட்டி ஆழப்படுத்தினர். அதுவும் வற்றவே ஆழ்துளை இட்டனர். நூறு, முந்நூறு, ஐந்நூறு அடி என்று போய், இன்று ஆயிரம் அடிக்கு மேலும் துளையிடுகின்றனர். துளையிடும் இயந்திரத்தை நுட்பமாக இயக்கத் தெரிந்தவனுக்கு நல்ல கூலி உண்டு. ஆழத்திலிருந்து நீரைத் தள்ளும் மூழ்கு பம்பைத் திருத்தி அமைக்கும் பொறியாளருக்கு நல்ல சம்பளம் உண்டு. ஏரியின் வரத்துக் கால்வாயைத் தூர்வாரி, ஓடையில் தடுப்பணை கட்டி, பத்து ஊர்க் கிணறுகளில் நீர் ஊறச் செய்யும் வித்தை தெரிந்தவனுக்கு எவர் கூலி கொடுப்பார்? ஊறின நீர் எந்தக் கிணற்றில் ஊறிற்று என்று அளந்து பில் போட வழியில்லை. என் பணத்தில் கட்டிய அணையின் நீரை அடுத்த தோட்டக்காரர் இறைத்துக்கொள்வாராயின் நான் ஏன் பணம் கொடுக்கவேண்டும் என்று ஒவ்வொருவரும் நினைப்பது இயல்பே. விவசாய மோட்டாருக்கு மின்சாரம் கட்டணமின்றிக் கிடைப்பதும் இதை மிகைப்படுத்தியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். அது சந்தையின் குற்றமன்று. எனினும் மின்சாரத்துக்கு முழு விலை வைத்தாலும், இறைப்பது சிறிது குறையுமேயன்றி, நீரை ஊறச் செய்பவனுக்குச் சம்பளம் வந்துவிடாது.

ஆகவே ஒரு வேலையினால் விளையும் பயன் வேறு. அப்பயனைப் பெறுகிறவனிடம் விலை வாங்குவதற்கு வழி இருப்பது வேறு. சந்தையானது பின்னதை மட்டுமே அறியும். விதையின் கதையில் இது இன்னும் நன்றாக விளங்கும்.

அமெரிக்காவில் லூதர் பர்பாங்கு என்ற தோட்டக்காரர், மாஸாசூசெட்ஸ் மாகாணத்தில் தம் உருளைக்கிழங்குப் பாத்தியில் அபூர்வமாகக் காய்த்த ஒரு காயிலிருந்து 23 விதைகளை எடுத்து முளைக்க வைத்தார். அவற்றுள் ஒன்றின் கிழங்கு மிகச் சிறந்ததாக அமைந்தது. அதன் உரிமையை ஒரு விதை வியாபாரிக்கு 150 டாலருக்கு விற்றுவிட்டு, 1875-ல் கலிபோர்னியாவுக்குப் போய்ச் சேர்ந்தார். அக்கிழங்கின் சொரசொரப்பான தோலுடைய வகை இன்றைக்கும் அந்நாட்டில் மிகுதியாகப் பயிராகும் உருளைக்கிழங்குகளுள் ஒன்று. ஒரு முறை விற்ற கிழங்கை வாங்கியவன் அறுத்து நட்டு மேலும் மேலும் பெருக்கிக்கொள்வான். இரண்டாம் முறை அவன் வியாபாரியிடம் வரவேண்டியதில்லை. ஆகையால் 150 டாலருக்கு மேல் கொடுக்க வியாபாரிக்கும் காரணமில்லை. பர்பாங்கு 1926-ல் காலமானார். 1930-ல் அமெரிக்கச் சட்டசபை பயிர் வகைகளுக்கு உரிமைச் சட்டம் ஒன்று செய்தது. அதிலும் கிழங்கால் பெருகும் பயிர்களுக்கு விலக்கு வைத்துவிட்டார்கள்! அவர் உயிரோடிருந்திருந்தாலும் அவருடைய உருளைக்கிழங்குக்கு அச்சட்டம் ஒரு காசும் பெற்றுத் தந்திராது.

மக்காச்சோளத்தின் கதை இதற்கு நேர்மாறானது. இரண்டு தூய வழிகளைக் கலந்தால் பிறக்கும் முதல் தலைமுறை மிகுந்த வீரியத்துடன் விளையும் என்பதை ஜார்ஜ் ஷல் என்பவர் 1908-ல் எடுத்துக்காட்டினார். கனெக்டிகட் மாகாண ஆராய்ச்சி நிலையத்தில் டொனால்டு ஜோன்ஸ் என்பவர் சுமார் பத்து வருஷங்களுக்குள் அதை மலிவாகச் செய்யும் முறையை வகுத்தார். இவ்வீரியம் முதல் விளைவிலேயே உண்டு. அதை விதைக்கு எடுத்துவைத்து மறுவருஷம் விதைத்தால் குன்றிவிடும். ஆதலின் குடியானவன் வருஷந்தோறும் விதைக் கடைக்கு வரவேண்டும். இதை உணர்ந்த ஹென்றி வாலஸ் என்பவர் 1926-ல் அயோவாவில் வீரிய ஒட்டு விதைக் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். 1930-களின் தொடக்கத்தில் அம்மாகாணத்தில் அருமையாயிருந்த ஒட்டு மக்காச்சோளம், பத்து வருஷங்கூடக் கழியுமுன் ஏறக்குறைய எல்லா நிலங்களையும் பிடித்தது. கம்பெனிகளும் பெருகின, பயிர் இனவிருத்தியில் தேர்ந்தவர்கள் அக்கம்பெனிகளுக்கு உயர்ந்த சம்பளத்தில் சென்றனர். கோதுமையோ தன் மகரந்தத்தாலேயே கருவுறுவது. அதன் விதையை விவசாயி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். அதன் அபிவிருத்தி நெடுங்காலம் மாகாணக் கல்லூரிகளின் சம்பளக்காரர்களிடமே இருந்துவந்தது. கோதுமை மக்காச்சோளத்தைவிட மனிதனுக்குக் குறைந்த பயனுடையதென்று எவரும் சொல்லார். அறிவாளிகள் இவ்வாறு பிரிந்து சென்றதற்குக் காரணம், அவ்விரு பயிர்களின் பூக்கள் கருவுறும் விதமேயன்றி வேறில்லை.

நம் நெல்லுக்கு வருவோம். கோயமுத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கோணமணி என்னும் நெல்லிலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்ட ஒரு வகை 1921-ல் வெளிவந்தது. சர்க்கார் பொருளாதாரப் பயிர் நூல் நிபுணரின் ஆங்கிலப் பட்டப்பெயரின் முதலெழுத்துக்களைக் கொண்டு அதற்கு ஜி.இ.பி. 24 என்று பெயரிட்டனர். சன்னமான அரிசிக்குப் பெயர்போன அந்நெல் தென்னிந்தியா முழுதும் பரவிற்று. அதோடு நிற்கவில்லை. ஜப்பானிய நெல்லோடு அதைக் கலந்து பெற்றதே 1960-களில் தஞ்சாவூர்ச் சீமையில் குறுவைக்குப் பேர்பெற்ற ஆடுதுறை 27. ஆந்திரத்தில் பாபட்லா நிலையத்தில் உருவாகி 1986-ல் வெளிவந்த பி.பி.டி. 5204 என்னும் சம்பா மசூரியின் மூதாதையருள்ளும் ஜி.இ.பி. 24 உண்டு. இன்று நகரத்து அரிசி மண்டிகளில் உயர்ந்த விலைக்குப் போகும் சன்ன அரிசியில் எத்தனை மூட்டை அவ்வம்சத்தைச் சேர்ந்தது என்று எண்ணிப்பார்க்கலாம். மண்டிக்காரருக்கு லாபம் உண்டு, ஆலைக்காரருக்கு அரவைக் கூலி உண்டு, சாக்குப் பைக்குப் பெயரும் படமும் எழுதிக் கொடுக்கும் விளம்பரக்காரருக்குக்கூடக் கட்டணம் உண்டு. நெல்லைப் பொறுக்கி எடுத்தவருக்கு அவருடைய மாதச் சம்பளத்துக்கு மேல் ஒன்றும் வந்ததில்லை. வருவதற்கு வழியும் இல்லை. சந்தையை மட்டும் நம்பியிருந்தால் அந்நெல்லே பிறந்திராது என்று துணிந்து கூறலாம்.

ஏழைகளின் பயிரைச் சந்தை புறக்கணிக்கிறது என்று சிலர் பொதுவாகச் சொல்லுவதுண்டு. அது சரியன்று, கம்பைப் பாருங்கள். கம்பு உண்பவரும் விளைப்பவரும் பெரும்பாலும் மானாவாரி நிலத்து எளியோரே. 1965-ல் லூதியானாவில் டி. எஸ். அத்வால் அவர்கள், அமெரிக்காவில் டிப்டன் நிலையத்திலிருந்து வந்த ஆண்மலட்டு வழியைத் தாயாகக் கொண்டு, எச்.பி. 1 என்னும் ஒட்டுக் கம்பை வெளியிட்டார். பின்னர் அடிச்சாம்பல் நோய் அவ்வொட்டுகளைப் பெருஞ்சேதப்படுத்திற்று. நோய் தாங்கும் புதிய ஒட்டுகள் தேவையாயின. ஒட்டு விதையை வருஷந்தோறும் விற்கலாமாகையால், தனியார் விதைக் கம்பெனிகள் கம்பில் தாராளமாக இறங்கின. சர்க்கார் நிலையங்களும் ஹைதராபாத்துக்கு அருகிலுள்ள சர்வதேச ஆராய்ச்சி நிலையமும் கொடுத்த பெற்றோர் வழிகளை வைத்துக்கொண்டு நல்ல வேலையே செய்தன. ஏழையின் பயிராயினும் பூ ஒத்துழைத்ததால் சந்தை வந்தது.

கேழ்வரகின் பூ ஒத்துழைப்பதில்லை. அது மிகச் சிறியது. திறப்பதற்கு முன்னரே பெரும்பாலும் தன்னுள் கருவுற்றுவிடும். ஆண் பாகத்தை நீக்கிக் கலப்பது கண்ணையும் பொறுமையையும் சோதிக்கும் காரியம். விற்பனைக்குரிய ஒட்டு விதை அதில் எளிதில் பண்ண முடியாது. மைசூர்ச் சீமையில் மண்டியாவில் லட்சுமணய்யா என்பவர் ஆப்பிரிக்கக் கேழ்வரகையும் நம் நாட்டுக் கேழ்வரகையும் பல்லாண்டுகள் விடாமல் கலந்து, இரு நாடுகளின் பெயரையும் சேர்த்து ‘இண்டாப்’ என்று பெயரிட்ட வகைகளை வெளியிட்டார். அவை கன்னட நாட்டில் பரவி விளைச்சலை மிகவும் உயர்த்தின. அவர் சர்க்கார் பண்ணை உத்தியோகஸ்தர். இத்தகைய ஒருவர் சாமைக்கும், தினைக்கும், பனிவரகுக்கும், கொள்ளுக்கும் வாய்த்தாரில்லை.

2023-ஆம் வருஷத்தை ஐக்கிய நாட்டுச் சபை சிறுதானிய வருஷமாகக் கொண்டாடியபின், சாமையும் தினையும் பட்டணத்துக் கடைகளில் நல்ல விலைக்கு விற்கின்றன. விலை ஏறியபோது அறிவாளிகளும் வந்தார்கள். எங்கே வந்தார்கள்? சாமை பிஸ்கோத்துக்கு உறை அச்சிடவும், தினை மாவுக்கு விளம்பரம் எழுதவும் வந்தார்கள். உமி நீக்கும் சிறு இயந்திரங்களும் கோயமுத்தூர்ப் பட்டறைகளில் செய்யப்படுகின்றன. அது மெய்யாகவே பெரிய உபகாரம், உரலில் குத்தி ஓய்ந்த பெண்மக்கள் அதை அறிவார்கள். ஆனால் கொல்லிமலையில் சாமை விதைப்பவன் பாட்டன் விதைத்த விதையையே விதைக்கிறான். உறைக்கு விலை வாங்கலாம், இயந்திரத்துக்கு விலை வாங்கலாம். சாமை விதைக்கு ஒரு முறைதான் வாங்கலாம்.

இதற்குச் சட்டத்தின் மூலம் பரிகாரம் தேடலாகாதா என்று கேட்பர். அமெரிக்காவில் 1970-லும் இந்தியாவில் 2001-லும் புதிய பயிர் வகைகளுக்கு உரிமை வழங்கும் சட்டங்கள் ஏற்பட்டன. நம் சட்டத்தில் விவசாயி தன் விதையை வைத்துக்கொள்ளவும், விதைக்கவும், பரிமாறவும், கம்பெனிப் பெயரின்றி விற்கவும் உரிமை காப்பாற்றப்பட்டிருக்கிறது. அது நியாயமே, அதை எடுத்துவிட்டு அறிவாளிகளுக்குச் சம்பளம் தேடுவது, கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவது போலாகும். ஆஸ்திரேலியாவில் வேறொரு வழி கண்டார்கள். கோதுமை விதைக்கு விலை அதிகம் வைக்காமல், அறுவடையான தானியம் கிடங்குக்கு வந்து சேரும்போது டன்னுக்கு இவ்வளவு என்று இனவிருத்தி செய்தவருக்கு ஒரு தொகை பிடித்துக் கொடுக்கிறார்கள். அதனால் அங்கே கோதுமை அபிவிருத்தியிலும் தனியார் துணிந்து இறங்கியுள்ளனர். ஆனால் அங்கு தானியம் சில கிடங்குகளின் வழியாகவே செல்லும். பிடித்தம் செய்வது எளிது. இங்கு கேழ்வரகு களத்திலிருந்து குதிருக்குப் போய், குதிரிலிருந்து களியாகிவிடுகிறது. எந்த வாசலில் நின்று டன் கணக்குப் பார்ப்பது?

அப்படியாயின் சர்க்கார் உத்தியோகமே எல்லாவற்றுக்கும் மருந்து என்று யாம் சொல்லுவதாக எவரும் எண்ணவேண்டாம். இப்பத்திரிகை இலாகாவின் பத்திரிகையாயிருந்தும், இலாகாவின் குறையைக் கூறாது விடுதல் முறையாகாது. 1912-ல் கோயமுத்தூரில் கரும்பு இனவிருத்தி நிலையம் ஏற்பட்டபோது அங்கே பார்பர் என்ற ஆங்கிலேயரும் அவருக்கு உதவியாக டி. எஸ். வெங்கடராமன் அவர்களும் அமர்ந்தனர். நாணல் இனத்துக் காட்டுக் கரும்போடு நல்ல கரும்பைக் கலந்து கோ. 205 என்னும் கரும்பை 1918-ல் பஞ்சாப்புக்குக் கொடுத்தனர். பார்பர் ஊர் திரும்பியபின் வெங்கடராமன் அவர்கள் அதே நிலையத்தைத் தலைமை தாங்கி நடத்தி, ஏறத்தாழ முப்பது வருஷம் ஒரே பயிரோடு இருந்து, 1942-ல் ஓய்வு பெற்றார். 1932-ல் சீமைச் சர்க்கரைக்குத் தீர்வை விதித்தபோது நாட்டில் முப்பதை ஒட்டியே இருந்த சர்க்கரை ஆலைகள், சில வருஷங்களில் நூற்றுக்கு மேல் பெருகியதற்கு அவ்வாலைகளில் அரைக்க இந்தக் கோ. கரும்புகள் தயாராக இருந்ததும் ஒரு முக்கிய காரணம். கரணையைப் பக்கத்து வயலில் வெட்டி வந்து நடலாமாகையால், கரும்பைப் பண்ணினவருக்கு எவரும் விலை கொடுக்கவில்லை. சம்பளமும், ஒரே இடத்தில் நிலைத்திருக்கும் வாய்ப்புமே அவ்வேலையை நடத்தின.

இன்று அந்நிலைப்பு எங்கே? ஒரு நெல் வகையை முதற் கலப்பிலிருந்து விவசாயி கைக்குக் கொண்டுவரப் பத்து வருஷத்துக்குக் குறையாது பிடிக்கும். அதற்குள் இனவிருத்தியாளர் மூன்று ஊர் மாற்றப்பட்டு, ஒரு முறை நெல்லை விட்டுத் தென்னைக்கும், மறுமுறை ஆராய்ச்சியை விட்டு நிர்வாகத்துக்கும் அனுப்பப்படுவாராயின், அவர் விட்டுச்சென்ற பாத்திகளின் கதி என்ன? பதவி உயர்வுக்கு எத்தனை கட்டுரை அச்சிட்டார் என்று எண்ணுகிறார்கள். அவருடைய விதை எத்தனை ஏக்கரில் விதைக்கப்பட்டது என்று எண்ணுவாரில்லை. காலியிடங்கள் வருஷக் கணக்கில் நிரப்பப்படாமல் கிடப்பதும் உண்டு. இந்நிலையில் கெட்டிக்காரப் பையன் பாங்குக்குப் போனான் என்று சந்தையை நொந்துகொள்வதில் அர்த்தமில்லை. அவனைத் தள்ளியது நம் பக்கத்து வாசல்.

பணம் ஒன்றே மனிதரை இழுக்கிறது என்பதும் உண்மையன்று. நார்மன் போர்லாக் அமெரிக்காவில் டூபாண்டு இரசாயனக் கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தார். சம்பளத்தை இரட்டிப்பதாகக் கம்பெனி சொல்லியும் கேளாமல் 1944-ல் மெக்ஸிகோவுக்குக் கோதுமைத் துருநோயை ஆராயப் போனார் என்று அவர் சரிதம் எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். அவரை அனுப்பியது ராக்பெல்லர் தர்மஸ்தாபனம். அதன் மூலதனமோ மண்ணெண்ணெய் விற்றுச் சந்தையிலேயே சேர்ந்த பணம்! கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் அவர்கள் இந்தியப் போலீஸ் உத்தியோகத்துக்குத் தேர்வாகியும் அதை விட்டு ஹாலந்து தேசத்துக்குப் போய்ப் பயிர் மரபியல் கற்றார். அவர் அன்று போலீஸ் உடுப்புப் போட்டிருந்தால் பெற்றோரும் சுற்றத்தாரும் பெருமைப்பட்டேயிருப்பர். இத்தகையோரை நம்பி ஒரு நாட்டின் ஏற்பாட்டை அமைக்க முடியாது. ஆயிரத்தில் ஒருவர் அவ்வாறு செய்வார், மற்ற தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேரும் குடும்பஸ்தர்கள்.

அந்தக் குடும்பஸ்தர்களுக்காகவே ஒரு யோசனையைச் சொல்லுகிறோம். முன்னாளில் இதற்கு ஒரு வழி இருந்தது. 1921-ல் இந்திய மத்தியப் பருத்திக் கமிட்டி ஏற்பட்டு, 1923-ஆம் வருஷத்துச் சட்டப்படி, ஆலைக்கும் ஏற்றுமதிக்கும் போகும் பருத்திப் பொதி ஒவ்வொன்றுக்கும் சிறு வரி வாங்கி, அப்பணத்தைப் பருத்தி ஆராய்ச்சிக்கே செலவிட்டது. விவசாயிகளும், வியாபாரிகளும், ஆலைக்காரரும் கமிட்டியில் அமர்ந்தனர். சந்தை திரட்டிய பணம், சந்தையால் விலை வாங்க முடியாத வேலைக்குப் போயிற்று. 1960-களில் இத்தகைய கமிட்டிகளைக் கலைத்து ஆராய்ச்சியை மத்திய ஆராய்ச்சிச் சபையின்கீழ்க் கொண்டுவந்தனர்; அதனால் சில நன்மைகள் இருந்தபோதிலும், பணம் கொடுப்பவன் கணக்குக் கேட்கும் வழக்கம் அத்துடன் ஒழிந்தது. ஆஸ்திரேலியாவில் 1990 முதல் தானிய விற்பனையில் நூற்றுக்கு ஒன்றுக்குச் சிறிது குறைவாகப் பிடித்து, அதனோடு சர்க்காரும் ஒரு பங்கு சேர்த்து, தானிய ஆராய்ச்சிக் கழகம் ஒன்றை நடத்திவருகிறார்கள்.

இங்கும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களிலும், அரிசி ஆலைகளிலும், சர்க்கரை ஆலைகளிலும் ஏற்கெனவே கட்டணங்கள் வாங்கப்படுகின்றன. அவற்றுள் ஒரு சிறு பகுதியைத் தனியே ஒதுக்கலாம். அதைக் கொண்டு இனவிருத்தியாளருக்குப் பன்னிரண்டு வருஷம் ஊர் மாற்றமும் பயிர் மாற்றமும் இல்லாத பதவிகள் ஏற்படுத்தவேண்டும். சம்பளம் பாங்கு உத்தியோகத்துக்குக் குறையாதிருக்கவேண்டும். ஒரு வகை வெளியாகி ஐந்தாவது வருஷத்தில் அது எத்தனை ஏக்கரில் நிற்கிறது என்பதைக் கணக்கெடுத்து, அதற்கேற்ற வெகுமதி தரவேண்டும். கணக்கெடுப்பதை இனவிருத்தியாளரின் இலாகாவே செய்யலாகாது. விவசாயிகள் பெரும்பான்மையாக உள்ள கமிட்டி ஒன்று செய்யட்டும். தடுப்பணையும் ஏரியும் பார்க்கும் நிபுணருக்கும் இவ்வாறே, சுற்றுக் கிணறுகளின் கோடைக்கால நீர்மட்டத்தைக் கொண்டு வெகுமதி கணக்கிடலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஏக்கர்க் கணக்கில் வெகுமதி என்றால் எல்லோரும் நெல்லுக்கே ஓடுவர். ஆகையால் சாமை ஆயிரம் ஏக்கரை நெல் ஐம்பதினாயிரம் ஏக்கருக்குச் சமமாக வைப்பதா, வேறு விகிதம் வைப்பதா என்பதைக் கமிட்டியே பயிர்தோறும் முன்கூட்டி நிர்ணயிக்கவேண்டும். விற்பனைக் கூடத்துக்கே வராத கேழ்வரகும் சாமையும் இந்நிதிக்கு ஒன்றும் தாரா. நெல்லும் கரும்பும் பருத்தியும் தரும் பணத்திலிருந்தே அவற்றுக்கும் கொடுத்தாகவேண்டும். தஞ்சாவூர் மிராசுதார்கள் இதற்கு என்ன சொல்லுவார்கள் என்று அறிய விரும்புகிறோம். அவர்கள் எழுதும் கடிதங்களை, எம் கருத்துக்கு மாறாயிருப்பினும், அடுத்துவரும் சஞ்சிகைகளில் இடமளித்து வெளியிடுவோம்.